கடித்த நாயைக் காப்பகத்தில் விட வந்த அழைப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் சென்னையில் இயங்கும் ஒரு சிறிய விலங்குக் காப்பகத்தில் நான் தன்னார்வலர். நாயை விட்டுவிட வேண்டும் என்று வரும் தொலைபேசி அழைப்புகளை எடுத்துப் பேசுவது என் வேலை. இங்கே எழுதியிருப்பது 2024 மழைக்காலத்தில் நடந்தது. குடும்பத்தார் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயர், குடியிருப்பின் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. நாயின் பெயரையும் மாற்றி புருனோ என்று வைத்திருக்கிறேன்.

காப்பகத்தில் நாய்களைக் கொல்வார்களா என்று பலர் எங்களிடம் கேட்பதுண்டு. அமெரிக்காவில் பல நகராட்சிக் காப்பகங்களில் இடம் நிறைந்துவிட்டால் நலமாக இருக்கும் நாய்க்கும் ஊசி போட்டுவிடுவார்கள். அந்நாட்டு விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் மதிப்பீட்டின்படி 2011-ல் ஓர் ஆண்டுக்குச் சுமார் 26 லட்சம் நாய்களும் பூனைகளும் காப்பகங்களில் ஊசி போட்டுக் கொல்லப்பட்டன. 2019-ல் அது சுமார் 9 லட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்தது. நம் ஊரிலும் ஒரு காலத்தில் தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதுதான் மாநகராட்சியின் வழக்கம். சென்னையில் 1996-ல் அதை நிறுத்தி, கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடும் முறைக்கு மாறினார்கள். 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தீராத நோயிலோ உயிர் பிழைக்க முடியாத காயத்திலோ கிடக்கும் தெரு நாய்க்கு மட்டும்தான் கருணைக்கொலை செய்யலாம். எங்கள் காப்பகத்தில் நலமாக உள்ள எந்த நாய்க்கும் அந்த ஊசி போடுவதில்லை.

ஆனாலும் காப்பகங்களில் நாய்கள் சாகின்றன, இடநெருக்கடியால். இரண்டு நாய்க்கான கூண்டில் ஐந்து இருந்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் ஒரு தும்மலில் பரவிவிடும். குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தெருவில் வளர்ந்த நாய் கூட்டத்தையும் சத்தத்தையும் ஓரளவு தாங்கும். சோபாவில் படுத்து, தயிர் சாதம் சாப்பிட்டு வளர்ந்த வீட்டு நாயால் முடியாது.

இந்த நிகழ்வுக்குச் சில மாதங்கள் முன்பு, வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம் ஆறு வயது பொமரேனியன் ஒன்றை எங்களிடம் விட்டுச் சென்றது. வந்த அன்றே தடுப்பூசி போட்டோம். அது கூண்டின் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. கோழிக்குழம்பில் பிசைந்து கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். இரண்டு வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சளி கட்டியது. அப்புறம் தாடை மட்டும் தனியாக வெட்டி வெட்டி இழுத்தது. டிஸ்டெம்பர் மூளைக்குப் போய்விட்டதன் அடையாளம் அது. அதன் பிறகு அது பிழைக்கவில்லை. யாரும் அதைக் கொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. காப்பகச் சாவைக் குறைக்க வேண்டுமானால், நாய் உள்ளே வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு எங்கள் எல்லோருக்கும் உறுதியாயிற்று.

இப்படி யோசித்தவர்கள் எங்களுக்கு முன்பே இருக்கிறார்கள். 2013-ல் லாஸ் ஏஞ்சலிஸ் தெற்குப் பகுதியில் உள்ள ஒரு நகராட்சிக் காப்பகத்தின் வாசலிலேயே ஒரு தன்னார்வ அமைப்பு ஆளை உட்கார வைத்தது. நாயை விட வருபவரிடம் அவர்கள் முதலில் கேட்டது, என்ன பிரச்சினை என்பதைத்தான். கருத்தடைக்குக் காசு இல்லை, வேலி உடைந்துவிட்டது, மருத்துவச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று காரணங்கள் வந்தன. அந்தக் காரணத்தைத் தீர்த்துவிட்டால் நாயைத் திரும்ப வீட்டுக்கே கூட்டிப்போகப் பெரும்பாலானவர்கள் தயாராக இருந்தார்கள். நாங்களும் அழைப்பு வரும்போதே கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தோம். புருனோவுக்கான அழைப்பு அந்த நேரத்தில்தான் வந்தது.

அழைப்பு

இரவு எட்டு மணி இருக்கும். பேசியது நாயின் உரிமையாளருடைய மனைவி. “மேடம், எங்க லேப்ரடார் பையனைக் கடிச்சிடுச்சு. இனிமே இது இந்த வீட்ல வேணாம். நீங்க எடுத்துக்குவீங்களா? இல்லேன்னா நாளைக்கு டாக்டர்கிட்ட போய் ஊசி போட்டுரலாம்னு இவர் சொல்றார்.”

நான்கு வயது ஆண் நாய். 2020 ஊரடங்கில், எல்லோரும் வீட்டிலேயே இருந்தபோது, குட்டியாக வாங்கியது. கணவன், மனைவி இருவருக்கும் வேலை. மகன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். பகலில் வீட்டில் இருப்பது கணவரின் அம்மா மட்டும். அன்று மாலை பையன் நாயைக் கட்டிப்பிடித்தபோது அது திரும்பிக் கையில் கடித்துவிட்டது. பெருவிரலுக்குக் கீழே இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்திருக்கிறது. குழாயில் கையைக் காட்டிவிட்டு, பாட்டி மஞ்சள்தூள் வைத்துக் கட்டியிருந்தார். நாய்க்குக் கடைசியாக வெறிநோய்த் தடுப்பூசி போட்டது 2022-ல். அதற்கப்புறம் போடவில்லை.

அன்றிரவு எடுத்த முடிவுகள்

முதல் முடிவு பையனைப் பற்றியது. நாயைப் பற்றிப் பேசத்தான் அழைத்தார்கள் என்றாலும் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு, மஞ்சளைக் கழுவி எடுத்து, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கையைக் காட்டச் சொன்னேன். வெறிநோய் வைரஸ் சோப்புக்குத் தாங்காது. காயத்தில் மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதை வைத்தாலும் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது, கழுவுவதுதான் தடைபடும். தோலைக் கிழித்து ரத்தம் வந்த கடி மூன்றாம் வகை, அதாவது மிகத் தீவிரமான வகைக் கடி. அதற்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருள்) ஊசியும் வேண்டும். “வீட்டு நாய்தானே, நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்றார் பாட்டி. நாளைக்கு ஆகாது என்றேன். அன்றிரவே அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். இரண்டு ஊசியும் இலவசமாகவே போடப்பட்டன. அடுத்த தவணைகளுக்கு 3, 7, 28-ஆம் நாள்களில் வரச் சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டாவது முடிவு, நாய்க்கு இப்போதைக்குக் கருணைக்கொலை ஊசி கூடாது என்பது. இதை அந்தக் கணவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. கோபத்தில் இருந்தார். அவர் கோபத்தில் நியாயமும் இருந்தது. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். வெறிநோய் உள்ள நாயின் எச்சிலில் வைரஸ் வருகிறது என்றால், சில நாள்களிலேயே அறிகுறி தெரிந்து அது செத்துவிடும். பத்தாம் நாளும் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று பொருள். அதை நாளைக்கே கொன்றுவிட்டால், மகனைக் கடித்தபோது அதற்கு நோய் இருந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் எளிய வழி போய்விடும். இரக்கத்தைப் பற்றி நான் அவரிடம் எதுவும் பேசவில்லை. பிள்ளையின் பாதுகாப்புக்காகவே நாய் உயிரோடு இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார்.

மூன்றாவது, அந்தப் பத்து நாளை எங்கே கழிப்பது என்பது. எங்களிடம் தனிமைக் கூண்டு ஒன்றுதான். அதில் பார்வோ வந்த குட்டி ஒன்று இருந்தது. தடுப்பூசி விட்டுப்போன, கடித்த நாயை மற்ற நாய்களோடு விடவும் முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. புதிய இடத்தில் பல நாய்கள் சாப்பிடாது, ஒடுங்கும், உறுமும். அது பயமா நோயா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. நான்கு வருடமாக அதைப் பார்த்தவர்களால் முடியும். ஆகவே, கணவர் வேலை பார்க்கும் அறையில் கதவைச் சாத்தி அதை வைக்கச் சொன்னோம். கணவர் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். பையனும் பாட்டியும் கதவருகே போகக் கூடாது. மறுநாள் நானும் ஒரு கால்நடை மருத்துவரும் வந்து பார்ப்பதாகச் சொன்னேன். பத்து நாளுக்குப் பிறகும் வேண்டாம் என்றே நினைத்தால், இன்னொரு வீடு தேடுவது எங்கள் பொறுப்பு என்றும் வாக்குக் கொடுத்தோம். அந்த வாக்கு இல்லாவிட்டால் அவர்கள் சம்மதித்திருக்க மாட்டார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வீட்டில் பார்த்தது

கடிபட்ட வீட்டுக்குப் போனால் எல்லோரும் கடித்த நிமிடத்தைத்தான் சொல்வார்கள். கேட்க வேண்டியது அதற்கு முந்தைய நிமிடம், முந்தைய வாரம், முந்தைய மாதம்.

முந்தைய நிமிடத்தைப் பையனே சொன்னான். புருனோ சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது. இவன் பின்னாலிருந்து அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்து, தன் கன்னத்தை அதன் காதின் மேல் வைத்து அழுத்தியிருக்கிறான். எழுந்து போக அதற்கு வழி இல்லை. முந்தைய வாரங்களைப் பற்றிக் கேட்டதும் பாட்டி சொன்னார்: “ரெண்டு தடவை உர்ருன்னுச்சும்மா. செருப்பை எடுத்து ஒண்ணு வெச்சேன். அதுக்கப்புறம் உறுமுறதை விட்டுடுச்சு.” இதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பாட்டி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான் இது. ஆனால் உறுமல் என்பது நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் வலி நிற்காது, எச்சரிக்கைதான் நிற்கும். அடுத்த முறை முன்னறிவிப்பே இல்லாமல் பல் வந்துவிடும்.

முந்தைய மாதங்களின் கதை வேறு. கணவருக்கு மறுபடி அலுவலகம் தொடங்கியதும் காலை நடை பத்து நிமிடமாகக் குறைந்தது. மாலை நடை நின்றே போனது. மழை தொடங்கியதிலிருந்து ஈர வாடை என்று வாரம் ஒருமுறை குளிப்பாட்டியிருக்கிறார்கள், மனிதர்கள் போடும் ஷாம்பூவில். காதுக்குள் தண்ணீர் போனதா, துடைத்தார்களா என்று யாரும் கவனிக்கவில்லை.

கண்ணாடி ஜன்னல் வழியாக நாங்கள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கணவர் தட்டில் சாதம் வைத்தார். அது ஆர்வமாக வந்தது, தண்ணீரும் தடையில்லாமல் குடித்தது, கூப்பிட்ட குரலுக்கு வாலாட்டியது. வெறிநோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் தலையை வலப்பக்கம் சாய்த்தபடியே சாப்பிட்டது. கூடவே வைத்த கெட்டி பிஸ்கட்டை எடுத்து, இடப்பக்கப் பல்லால் ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே போட்டது. ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் தலையைப் படபடவென உதறியது. உதறும்போது வலது காது திரும்பி உள்பக்கம் தெரிந்தது. தோல் தடித்து, சிவந்து, ஓரத்தில் நகம் கீறிய கறுப்புத் தழும்பு. கதவைத் திறந்ததும் புளித்த மாவு வாடை வெளியே வந்தது.

டாக்டர் என்னிடம் திரும்பி, “பையன் கன்னத்தை வெச்சது எந்தப் பக்கக் காது?” என்று கேட்டார். பையன் தன் வலது காதைத் தொட்டுக் காட்டினான்.

சிகிச்சை

பொதுவாக இப்படிப்பட்ட காதை அன்றைக்கே மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்துவிடுவார்கள். இந்த நாய் கண்காணிப்பில் இருந்ததால் டாக்டர் அவசரப்படவில்லை. வாய்மூடி போட்டு, கையுறையோடு, காதின் வெளிப்பகுதியில் மட்டும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக்கொண்டார். பத்து நாளுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் மாத்திரை மட்டும் எழுதினார். வெறிநோய்த் தடுப்பூசியை இப்போதே போட்டுவிடலாமா என்று குடும்பத்தார் கேட்டார்கள். கண்காணிப்புக் காலத்தில் போட்டால், ஊசியால் வரும் சோர்வோ காய்ச்சலோ நோயின் அறிகுறிபோலத் தோன்றிக் குழப்பும், பத்து நாள் முடியட்டும் என்றார்.

மாதிரியில் மலசேசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை ஏராளமாக இருந்தது. கொஞ்சம் பாக்டீரியாவும் இருந்தது. தொங்கும் காது, தண்ணீர் என்றால் பாய்ந்து போகும் குணம், ஒவ்வாமைத் தோல் மூன்றும் லேப்ரடாருக்கு வழக்கம். சென்னையின் ஈரக் காற்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும். இது வந்து குறைந்தது இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும் என்று டாக்டர் கணித்தார். அவ்வளவு நாளும் அந்த நாய் வலியோடுதான் இருந்திருக்கிறது.

பத்தாம் நாள் நாய் நலமாக இருந்தது. பையனின் ஊசித் தவணைகளை எப்படித் தொடர்வது என்பதை அரசு மருத்துவர்களிடமே விட்டுவிட்டோம். அவர்கள் முழுவதும் போட்டு முடிக்கச் சொன்னார்கள், போட்டார்கள். நாயின் வலி மாத்திரையை நிறுத்திச் சில நாள் இடைவெளி விட்டார் டாக்டர். அடுத்துக் கொடுக்க இருந்தது ஸ்டீராய்டு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வயிற்றில் புண் வரும் ஆபத்து உண்டு. பிறகு மயக்கத்தில் காதைக் கழுவி, செவிப்பறை கிழியவில்லை என்று கருவியால் பார்த்து உறுதி செய்துகொண்டு சொட்டு மருந்து தொடங்கினார். செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகள் உட்காதைக் கெடுத்துவிடும். அதனால் பார்க்காமல் கடையில் வாங்கி ஊற்றக் கூடாது என்று வீட்டாரிடம் அழுத்திச் சொன்னார். வெறிநோய்த் தடுப்பூசியும் மற்ற தடுப்பூசிகளும் அதே வாரத்தில் போடப்பட்டன.

இரண்டு வாரம் கழித்து மறுபடி மாதிரி எடுத்துப் பார்த்தபோது பூஞ்சை வெகுவாகக் குறைந்திருந்தது. அந்த முறை டாக்டர் காதைப் பிடித்துத் திருப்பியபோது புருனோ அவர் முழங்கையை நக்கியது.

இந்தக் குடும்பத்தால் செலவைத் தாங்க முடிந்தது. எல்லோராலும் முடியாது. அப்படிப்பட்டவர்களை நாங்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். வரிசை நீளம்தான், ஆனால் தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு.

குடியிருப்புச் சங்கத்தின் நோட்டீஸ்

கடித்த செய்தி மறுநாளே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. மூன்று நாளுக்குள் நாயை அப்புறப்படுத்த வேண்டும் என்று சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ‘கடிக்கும் நாய்’ என்ற தலைப்பில் புருனோவின் படமும் குழுவில் சுற்றியது. நாயைக் காப்பகத்தில் விட வேண்டும் என்று மனைவி மறுபடி சொல்லத் தொடங்கியது இந்தக் கட்டத்தில்தான். வீட்டுக்குள் இருந்த பயத்தைவிடப் படிக்கட்டில் பார்ப்பவர்களின் பார்வை அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

சட்டம் குடும்பத்தின் பக்கம் இருந்தது. இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரும்பான்மை உறுப்பினர்கள் சேர்ந்து தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்கச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. சங்கத்தின் நெருக்கடிக்குப் பயந்து நாயைத் தெருவில் விட்டால், அதுதான் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். (முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அந்தத் தொகை இவ்வளவு குறைவு என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.)

இந்தத் தாளை முதலிலேயே நீட்டவில்லை. சட்டத்தைக் காட்டி வாயடைத்தால் நோட்டீஸ் நின்றுவிடும். ஆனால் அந்த நாயும் அந்தக் குடும்பமும் அதே ஆட்களுக்கு நடுவில்தான் வாழ வேண்டும். கீழ்த்தளத்தில் இரண்டு சிறு குழந்தைகளோடு இருந்த ஒரு பெண் பயந்துபோய்க் குழுவில் எழுதியிருந்தார். அவர் பயம் உண்மையானது. கணவரையும் அழைத்துக்கொண்டு சங்கச் செயலாளரைப் பார்க்கப் போனோம். டாக்டரின் குறிப்பு, கண்காணிப்பு முடியும் தேதி இரண்டையும் கொடுத்தோம். நாய் பொது இடத்துக்கு வரும்போது கழுத்துப்பட்டையும் குட்டைக் கயிறும் வாய்மூடியும் இருக்கும், பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் நேரத்தில் இறங்காது, பெரியவர் ஒருவர்தான் பிடித்திருப்பார் என்று குடும்பமே முன்வந்து எழுதிக் கொடுத்தது. வாரியத்தின் வழிகாட்டுதலைக் கடைசியில்தான் மேசையில் வைத்தோம். செயலாளர் அதைப் படித்துவிட்டு, “இதை முதல்லயே யாரும் சொல்லலையே” என்றார். நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. படத்தையும் நீக்கினார்கள்.

சங்கத்தில் ஒன்றிரண்டு பேர் இன்னும் அந்தக் குடும்பத்தோடு பேசுவதில்லை என்று கேள்விப்படுகிறேன்.

வீட்டுக்குள் செய்த மாற்றங்கள்

வலி தீர்ந்ததும் எல்லாம் தீர்ந்துவிடாது. கடித்த நினைவு பையனுக்கும் இருக்கும், காதைத் தொட்டால் வலிக்கும் என்ற நினைவு நாய்க்கும் இருக்கும். கூடத்துக்கும் அறைக்கும் நடுவே இடுப்பளவு கம்பிக் கதவு போட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கலாம், தொட முடியாது. முதல் சில வாரம் அப்படியே. அப்புறம் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சந்திப்பு. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் நாயிடம் போகக் கூடாது. அதைத் தேடிப் போகாமல் கூப்பிட வேண்டும். வந்தால் மூன்று எண்ணும்வரை மார்பில் தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், மறுபடி அது ஒட்டி வந்தால்தான் மறுபடி தடவலாம். பிள்ளைகளுக்கு இதைப் போன்ற விதி பிடிக்கும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு எல்லாம் இவனே இதைச் சொல்லிக்கொடுக்கிறான்.

வாய்மூடிக்குத் துணிப்பட்டை வேண்டாம், கூடை மாதிரியான பிளாஸ்டிக் வகைதான் வேண்டும் என்று வற்புறுத்தினோம். துணியால் இறுக்கிக் கட்டினால் நாயால் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடியாது. நாய்க்கு உடம்புச் சூடு பெரும்பாலும் வாய் வழியாகத்தான் தணிகிறது. சென்னை வெயிலில் துணிக் கட்டோடு நடக்கவிட்டால் சூட்டிலேயே விழுந்துவிடும். கூடைக்குள் கொஞ்சம் தயிரைத் தடவி அதுவாக முகத்தை நுழைக்கும்படி பழக்கினார் கணவர்.

பாட்டியிடம் செருப்பைப் பற்றித் தனியாகப் பேசினேன். உறுமினால் அடிக்காமல், பையனை அங்கிருந்து கூட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள், மகனுக்குச் சொல்லுங்கள் என்றேன். “அப்போ அது உறுமினா நம்மகிட்ட ஏதோ சொல்லுதுன்னு எடுத்துக்கணும்” என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாலை நடையை இப்போது அவர்தான் கேட்டு வாங்கித் தருகிறார்: மகன் வரத் தாமதமானால் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டுகிறாராம்.

விளைவு

புருனோ காப்பகத்துக்கு வரவில்லை. இதை எழுதும்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வீட்டில்தான் இருக்கிறது. மறுபடி யாரையும் கடிக்கவில்லை. காதுத் தொற்று இரண்டு முறை திரும்ப வந்தது. ஒவ்வாமைக் காது அப்படித்தான், முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு முறையும் தலையை உதறத் தொடங்கிய வாரத்திலேயே டாக்டரிடம் கொண்டுபோனார்கள். குளிப்பாட்டுவதை மாதம் ஒருமுறையாகக் குறைத்து, குளித்ததும் காதை உலர்த்துகிறார்கள். மாநகராட்சி உரிமமும் வாங்கிவிட்டார்கள்.

மனைவி இன்றும் பையனையும் நாயையும் தனியாக ஒரே அறையில் விடுவதில்லை. என்னிடம் அதைக் கொஞ்சம் தயக்கத்தோடு, குறையைச் சொல்வதுபோலச் சொன்னார். குறையே இல்லை. சின்னப் பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும், கடிக்காத நாயாக இருந்தாலும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி மாற்றிச் செய்பவை

அழைப்பு வரும்போது நாங்கள் நிரப்பும் தாளின் முதல் வரியே இப்போது கடிபட்டவரைப் பற்றியது: காயத்தைக் கழுவினார்களா, மருத்துவமனைக்குப் போனார்களா. அதற்கடுத்து நாய்க்குக் கடைசித் தடுப்பூசி எப்போது என்ற கேள்வி. மூன்றாவதாக, நாய் கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தது என்பது. திடீரென்று உறுமும், கடிக்கும், வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் நாய் என்று அழைப்பு வந்தால், குணம் கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வருமுன் காது, பல், மூட்டு, சிறுநீரகம் நான்கையும் பார்த்தாக வேண்டும். அழைப்பவரிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் அப்போதே யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

பகலில் நாயோடு இருப்பவர் யாரோ அவரை முதல் பேச்சிலேயே சேர்க்கிறோம். பெரும்பாலும் அது பாட்டியோ வீட்டு வேலைக்கு வரும் அக்காவோதான். உரிமம் வேறொருவர் பெயரில் இருக்கும், ஆனால் நாயின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது இவர்களுக்குத்தான் தெரியும். இந்த நிகழ்வில் உறுமல் விவரம் பாட்டியிடமிருந்துதான் வந்தது. குடியிருப்புச் சங்கத்தோடும் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல், கடித்த மறுநாளே குடும்பம் தானாகப் போய்ப் பேசிவிடும்படி இப்போது சொல்கிறோம்.

எல்லா அழைப்பும் இப்படி முடியாது. வளர்த்தவர் இறந்துபோயிருப்பார், வாடகை வீட்டிலிருந்து இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டிருப்பார், நாய் பலமுறை ஆழமாகக் கடித்திருக்கும். அந்த நாய்களுக்குக் காப்பகத்தில் இடம் இருந்தாக வேண்டும். வீட்டிலேயே இருக்கக்கூடிய நாயை வாங்கி வைத்துக்கொண்டால் இவற்றுக்குக் கூண்டு இருக்காது. எங்களிடம் இன்னும் இல்லாதது, கடித்த நாயைப் பத்து நாள் தனி அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக வீடுகள். குட்டிகளை வைத்துக்கொள்ள ஆள் கிடைக்கிறது, இதற்குக் கிடைப்பதில்லை. குழந்தைகள் இல்லாத, தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளத் தயாராக உள்ள, பெரிய நாய்களோடு பழகிய இரண்டு வீடுகள் கிடைத்தால், புருனோ வீட்டில் இருந்ததுபோன்ற தனி அறை இல்லாத குடும்பங்களுக்கும் இதே வழியைச் சொல்ல முடியும். தேடிக்கொண்டிருக்கிறோம்.